தொட்டித் தண்ணி

18-9, வியாழன்

வெயில். விடியலில் ஒரு தூறல், அதோடு சரி. புரட்டாசி பிறந்துவிட்டது. நான் கூடை சுமக்கிற சாரம் தெருக்களில் பாதி வீட்டில் கவுச்சி கிடையாது. சங்கரா மீன் ஒரு கூடை கொண்டுபோனேன், அரைக் கூடை திரும்பி வந்தது. ஐஸ் போட்டு வைத்தேன்.

டீச்சரம்மா மட்டும் வாங்கினாள். "புரட்டாசி எனக்குத்தான், எங்க வீட்டுக்காரருக்குக் கெடையாது. தெருவுலயே ஆஞ்சு குடுத்துடு, மீன்காரம்மா. மாமியார் படத்துக்கு மணம் போவக் கூடாது." சிரிப்பு வந்தது. சிரித்தேன். அப்புறம் ஏன் சிரித்தோம் என்று இருந்தது.

இது சு.வின் ஐ.டி.ஐ. நோட்டு. முன்னால் அவன் எழுதின பாடம், மோட்டார் படம். பின்னால் எல்லாம் வெத்துத் தாள். பின்னாலிருந்து எழுதுகிறேன். நான் ஏழாவது வரைதான். என் மகன் பேரை முழுசாக எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது. சு. என்று போடுகிறேன்.

போன மாதம் அவனுக்குத் தலைத் திவசம் முடிந்தது. வருஷம் திரும்பாமல் மலை ஏறக் கூடாது என்று நாத்தனார் மங்கை அப்போதே சொல்லிவிட்டாள். இப்போது ஏறலாம்.

மத்தியானம் டூர் ஆபீசுக்குப் போன் செய்தேன். அந்த ஆபீஸ் அட்டை, சு. மலைக்குக் கொண்டுபோன பையிலேயே இருந்தது. பின்பக்கம் பேனாவில் கைடு பேர்: மாரப்பன்.

"எத்தனை பேர் மேடம்?"

"ஒருத்தி."

"ஒருத்தரா? ஃபேமிலி வேன்ல ஒரு சீட் இருக்குது. ரெண்டு ஏரி, ரெண்டு அருவி, மதியம் சாப்பாடு."

"கைடு மாரப்பனா?"

"ஞாயித்துக்கிழமை அவருதான். தெரிஞ்சவரா மேடம்?"

"எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் சொன்னான்."

அந்தச் சீட்டைப் போட்டுவிட்டேன்.

19-9, வெள்ளி

புழுக்கம். குழாயில் தண்ணீர் வரவில்லை. வியாபாரத்துக்குப் போகவில்லை.

வீட்டுக்காரர் ஏழு மணிக்கே நோணாங்குப்பம் போய்விட்டார். முன்னே கடலுக்குப் போனவர். சு. போன பிறகு போகவில்லை. இப்போது போட் ஹவுஸில் வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிற வேலை. மூன்று கிளிப். ஒன்று விட்டிருந்தாலும் போட்டில் ஏற்ற மாட்டாராம். பணக்காரன், போலீஸ்காரன் எல்லோரிடமும் சண்டை. மங்கை மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "மாமா சின்னப் புள்ளைங்கள மாரி எல்லாருக்கும் பட்டன் போட்டு உடுறாரு அத்த."

இருபது வருஷம் தினம் குடித்தவர். சு.வைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள், "அப்பன் ஊத்துனான், புள்ள மெதந்தான்." அவர் காதில் விழுந்தது. அன்றோடு நிறுத்திவிட்டார். பேச்சையும் நிறுத்திவிட்டார்.

போலீஸ்காரர் சொன்னது, பசங்க குடித்திருந்தார்கள் என்று. ஆஸ்பத்திரிப் பேப்பரில் தண்ணீரில் மூழ்கி மூச்சு முட்டி என்று மட்டும்தான். மலைக்கு அவன்கூடப் போன சேதராப்பட்டு கம்பெனிப் பசங்க மூன்று பேர். ஒருவன் துபாய் போய்விட்டான். இரண்டு பேர் என்னைப் பார்த்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார்கள்.

என் பிள்ளை தொட்டதே இல்லை என்று ஊரெல்லாம் சண்டை போட்டவள் நான். உள்ளே வேறு. குடித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பெற்றவள் இப்படி வேண்டுவாளா.

குடித்து இறங்கினான் என்றால் அது அவர் தலையில். அவரைப் பார்த்துத்தானே பழகியிருப்பான். குடிக்காமல் இறங்கினான் என்றால் என் தலையில். அன்றைக்குப் போன் வந்தது. அது எனக்கும் சு.வுக்கும்தான் தெரியும். நான் சொன்னது

எழுத வரவில்லை. நாளைக்கு.

20-9, சனி

மேகமூட்டம். கடல் கலங்கல்.

பையில்:
சேலை 1, துண்டு 1
மிளகாய்ப்பொடி இட்லி
சுகர் மாத்திரை
அந்த அட்டை
கடல் தண்ணீர், 1 பாட்டில்
இந்த நோட்டு

நாளைக்கு மகாளய அமாவாசை. அவர் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விடுவார். நான் மகளிர் குழுப் பெண்களோடு கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னேன். தலையாட்டினார். எந்தக் கோயில் என்று கேட்கவில்லை.

கடல் தண்ணீர் காலையில் போய் எடுத்தது. சு. செத்த இடத்தில் ஊற்ற. பாலெல்லாம் ஊற்றியாயிற்று. அவன் பிறந்ததிலிருந்து பழகின தண்ணீர் அங்கே ஒரு சொட்டு இல்லையே என்று தோன்றியது.

பஸ் ராத்திரி ஏழு மணிக்கு. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு மணி மூன்று, மூன்றேகால். சாயங்கால வியாபாரத்துக்கு அப்போதுதான் உட்கார்ந்தேன். சுற்றி நாலு பேர். கையெல்லாம் செதில். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"யம்மா, இங்க ஒரு அருவி. கீழ குளம் மாரி கெடக்குது, கரும்பச்சையா. எறங்கக் கூடாதுங்குறாரு கைடு. எனக்கு ஆசயா இருக்குது. எறங்கட்டா?"

நான் சொன்னேன்: "கடல்ல பொறந்துட்டு தொட்டித் தண்ணிக்கு எங்கிட்ட பர்மிஷன் கேக்குறியாடா? போடா டேய்."

நாலு பேரும் சிரித்தார்கள். நானும். அவனும் சிரித்துக்கொண்டே வைத்தான்.

குளம், ஆறு, ஏரி எல்லாமே என் வாயில் தொட்டித் தண்ணிதான். சின்னதிலிருந்தே அப்படி. அவர் பேசிக்கொண்டிருந்த காலத்தில் கிண்டல் செய்வார், "ஒந் தொட்டித் தண்ணி" என்று.

போனை வைத்ததும் ஆய்ந்த மீன் நினைவிருக்கிறது. கெளுத்தி.

21-9, ஞாயிறு. கா. 6½

மலையடிவாரம். குளிர். டீக்கடை பெஞ்சு. டீயில் இஞ்சி அதிகம். தூக்கம் இல்லை. பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் வழியெல்லாம் போனில் நிலத்தகராறு.

கா. 8

வேனில் ஒன்பது பேர். பக்கத்தில் திருப்பூர்க்காரப் பெண்ணும் வீட்டுக்காரனும். முறுக்கு கொடுத்தாள்.

"ஏனுங்க்கா, தனியாவா வந்தீங்க?"

"ஆமாம்மா."

"பசங்க?"

"ஒரு பையன். சேதராப்பட்டுல கம்பெனி வேலை."

"கண்ணாலம் ஆச்சுங்களா?"

"பாக்கணும்."

வாயில் அப்படியே வந்தது. தடுக்கவில்லை.

மாரப்பன் முன்னால் நின்றுகொண்டு வருகிறான். நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். மரம், பறவை எல்லாம் சொல்கிறான். நான் அவன் கையைத்தான் பார்க்கிறேன். சு.வை இழுத்துப் போட்ட கை இதுவா தெரியவில்லை.

கா. 9

செக்போஸ்ட். பிளாஸ்டிக் பாட்டில் உள்ளே விடமாட்டார்கள். எனக்குத் தெரியாது. வாட்சர் என் பாட்டிலைத் தூக்கினான்.

"எந்த ஊரு?"

"பாண்டிச்சேரி."

"அப்ப இது வெறும் தண்ணியா இருக்காதே." மூடியைத் திறந்து மோந்தான். விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். துப்பினான். "என்னம்மா இது, உப்பு? கடலையேவா தூக்கிட்டு வந்துட்டீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கீழே ஊற்றப் போனான். கொஞ்சம் இரு தம்பி என்று வாங்கி, முந்தானையைச் சுருட்டி அதில் ஊற்றிக்கொண்டேன். ஈரம் தொடை வரைக்கும் இறங்கியது. அங்கே போய்ப் பிழிந்துவிடலாம் என்று கணக்கு.

"ஏனுங்க்கா, வேர்க்குதா?" என்றாள் திருப்பூர்ப் பெண். ஆமாம் என்றேன்.

மதியம்

முதல் ஏரி. பனி. ஒன்றும் தெரியவில்லை. மாரப்பன், "இந்தப் பனிக்குப் பின்னாடி ஏரி இருக்குது, என்னை நம்புங்க" என்றான். எல்லோரும் பனியை போட்டோ எடுத்தார்கள்.

இரண்டாவது ஏரி. வாத்து. தண்ணீரில் அலையே இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. செத்த கண் மாதிரி.

சின்ன அருவி. குளிக்கலாம். குளித்தார்கள். நான் பாறையில் உட்கார்ந்திருந்தேன். அட்டைப்பூச்சி ஏறிவிட்டது, இடது காலில் இரண்டு. மாரப்பன் மூக்குப்பொடி போட்டு எடுத்துவிட்டான். "இழுக்கக் கூடாதும்மா. தானா விடணும்." கை சூடாக இருந்தது.

சாப்பாடு: எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு. பாதிதான் இறங்கியது.

வெயில் வந்துவிட்டது. முந்தானை காய்கிறது. அடுத்ததுதான் பெரிய அருவி.

22-9, திங்கள்

வீடு. மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை. விடியலில் வந்து இறங்கினேன். கூடை எடுக்கவில்லை. அவர் வேலைக்குப் போனதும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெரிய அருவிக்கு முன்னால் வேனை நிறுத்திவிட்டு மாரப்பன் சொன்னான்:

"இப்ப பாக்கப் போறது பாக்க மட்டும்தான். எறங்க முடியாது. போன வருஷம் இங்க ஒரு பாண்டிச்சேரிப் பையன். பாண்டின்னாலே தெரியுமில்ல உங்களுக்கு?" வேனில் சிரிப்பு. "காலையிலேயே ஃபுல்லு. நெதானம் இல்ல. சொல்லச் சொல்ல எறங்குனான். வெளிய எடுக்க ரெண்டு நாள் ஆச்சு."

திருப்பூர்க்காரன்: "பாண்டிக்காரனுக்கு ரத்தமே அதுதானுங்களே."

அவள் அவன் தொடையில் ஓங்கிப் போட்டாள். "சும்மா இருங்க. அக்கா பாண்டிதான்."

"ஐயோ, உங்களைச் சொல்லலீங்க்கா."

பரவாயில்லப்பா என்றேன். மெய்யாகவே பரவாயில்லை. வயிறு குளிர்ந்தது. குடித்திருந்தான். கைடு வாயால் வந்துவிட்டது. இதைக் கேட்கத்தான் வந்தேன். அப்படியே திரும்பியிருக்க வேண்டும்.

ஆனால் மணி மூன்றுக்கு நான் கேட்ட குரல். இருபது வருஷம் குடித்தவர் குரலைக் கேட்டவள் நான். ஒரு வாய் உள்ளே போயிருந்தாலும் போனிலேயே தெரியும் எனக்கு. சு. குரல் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

அருவிக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். போர்டு. குளம் முப்பதடி கீழே. கரும்பச்சை. அவன் சொன்ன அதே நிறம். மேலே ஆடவே இல்லை.

மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போனார்கள். மாரப்பன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தப் பாண்டிப் பையன். மெய்யாலுமே குடிச்சிருந்தானாப்பா?"

"ஆமாம்மா."

"மணி மூணுக்குத்தான எறங்குனான்."

திரும்பிப் பார்த்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எம் புள்ள."

தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன்.

அவன் சொன்னது, எனக்கு நினைவு இருக்கிற வரைக்கும்:

"நாலு பேர்ல அவன் ஒருத்தன்தாம்மா தொடல. மத்த மூணு பேரும் வண்டியில வாந்தி. அவன்தான் பை புடிச்சான், தொடச்சான். என்கிட்ட மன்னிப்பு வேற கேட்டான்.

"மொத மாசம் நான் உள்ளதத்தான் சொல்லிட்டிருந்தேன். நல்லா நீச்சல் தெரிஞ்ச பையன், கடல்காரன், அவனுக்கே இந்தக் கதின்னு. அதக் கேட்டுட்டு ஒருத்தன், நான் அவனுக்கு மேலன்னு செருப்பக் கழட்டுறான். ரெண்டு பேர் புடிச்சு இழுத்தோம். அப்பறம்தான் குடிகாரன்னு மாத்துனேன். அன்னைலருந்து ஒருத்தனும் எறங்கல. குடிகாரன் எறங்குன எடத்துல எறங்க எல்லாருக்கும் அசிங்கம். என்ன மன்னிச்சிருங்கம்மா.

"கடல்ல உப்பு தூக்கும். சும்மா கெடந்தாலே மெதக்கலாம். இது தூக்காது. அடியில பாறைச் சந்துக்குள்ள இழுக்கும், மேல பாத்தா தெரியாது. மொதத் தடவ மேல வந்தப்ப சிரிச்சுக்கிட்டுதான் வந்தான். ரெண்டாவது தடவ சிரிக்கல."

ஏன் இறங்கினான் என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"நான் கூடாதுன்னேன். சரிண்ணேன்னுட்டு ஒரு ஓரமா நின்னான். யாருக்கோ போன் போட்டான். யாரோ கேலி பண்ணிட்டாங்க போல. வச்சதும் போனை என் கையில குடுத்து, 'பாத்தீங்களாண்ணே, தொட்டித் தண்ணியாம்'னு சிரிச்சான். புடிக்கறதுக்குள்ள குதிச்சுட்டான்."

தொட்டித் தண்ணி. அவன் வாயில் அந்தச் சொல். அந்த மலையில், யாரென்றே தெரியாத ஆள் வாயில்.

"இனிமே அப்படிச் சொல்ல மாட்டேம்மா. சத்தியமா."

"சொல்லு. குடிகாரன்னே சொல்லு. இன்னொருத்தன் எறங்க வேணாம்."

கையெடுத்துக் கும்பிட்டான். நான் எதற்காகச் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் முழுக்கத் தெரியவில்லை.

எழுந்து வேலியோரம் போய் முந்தானையைப் பிழிந்தேன். காய்ந்திருந்தது. வெள்ளை வெள்ளையாகக் கோடு, உப்பு பூத்து. உதறினால் குளம் வரைக்கும் போகுமா, போகாது. அப்போது காற்று திரும்பி அருவிச் சாரல் அடித்தது. முகம், கை, முந்தானை எல்லாம் ஒரு நிமிஷத்தில் நனைந்துபோயிற்று. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு போய்விட்டது.

திருப்பூர்ப் பெண் வந்து, "வாங்க்கா, ஒரு செல்ஃபி" என்றாள். எடுத்தாள். அவள் போனில் நான் இருக்கிறேன், அந்தக் குளத்துக்கு முன்னால்.

23-9, செவ்வாய்

வெயில். கவளை மீன் மலிவு. யாரும் வாங்கவில்லை.

நேற்று மா. 6 மணிக்கு அவர் வந்தார். தரையில் ரத்தச் சொட்டு. அட்டை கடித்த இடத்தைச் சொறிந்ததில் மறுபடி கசிந்திருந்தது. குனிந்து பார்த்தார். என் காலைத் தூக்கித் தன் முட்டி மேல் வைத்துப் பார்த்தார். எத்தனையோ மாதம் ஆயிற்று அவர் என்னைத் தொட்டு.

"இது அட்டக் கடி. மலைக்குப் போய்ட்டு போட்டுக்கு வர்றவங்க கால்ல பாத்திருக்கேன். மலைக்குப் போனியா?"

"ஆமா."

"அங்கயா?"

"ஆமா."

கால் அவர் முட்டி மேலேயே இருந்தது. காபித்தூள் எடுத்து வந்து வைத்து அழுத்தினார். அழுத்திக்கொண்டே கேட்டார்.

"குடிச்சிருந்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். நான் தப்பித்துவிடுவேன். அவர் இன்னும் இருபது வருஷம் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருப்பார், பேசாமல்.

"இல்ல. மத்தவனுங்கதான். அவன் தொடல. கைடே சொன்னாரு."

கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை. உதடு மட்டும் என்னவோ செய்தது. அப்புறம் எழுந்துபோய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

24-9, புதன்

காலையில் சவரம் செய்துகொண்டார். ஒரு வருஷத்துக்கப்புறம். தாடைக்குக் கீழே வெட்டிக்கொண்டு ஒரு துண்டுப் பேப்பர். வாசலில் மங்கையிடம் நின்று பேசினார். "எம் புள்ள தொடவே இல்லியாம் மங்க. தெரியுமா ஒனக்கு?"

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல அண்ணே." அவள் அப்போது சொல்லவில்லை. குழாயடியில் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. போகட்டும்.

சந்தோஷப்பட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும்.

மத்தியானம் போன் செய்தார். வேலை நேரத்தில் போன் செய்கிற ஆள் இல்லை. பின்னால் ஆட்கள் கூச்சல், போட் சத்தம்.

"இந்தா, ஒண்ணு கேக்குறேன். குடிக்கலன்னா அப்பறம் ஏன் எறங்குனான்?"

"தெரியலீங்க."

"கூடாதுன்னா கேக்குற புள்ள. எங்கிட்ட அடி வாங்கிக்கினுகூட சொன்னத கேட்டவன். எவனோ தூண்டி உட்ருக்கான்."

"தெரியலீங்க."

வைத்துவிட்டார். சுகர் மாத்திரை போட மறந்துவிட்டேன்.

25-9, வியாழன்

காலையில் நல்ல மழை. வியாபாரம் இல்லை. வாங்க ஆளில்லாமல் மீந்த கெளுத்தியையே குழம்பு வைத்தேன். ஒரு வருஷத்துக்கப்புறம் இன்றைக்குத்தான் அந்த மீனை வாங்கித் தொட்டது.

மா. 5 மணிக்கே வந்துவிட்டார். கையில் அந்த டூர் அட்டை. என் பையிலிருந்து எப்போது எடுத்தார் தெரியாது.

"ஞாயித்துக்கெழம லீவு சொல்லிட்டேன். நானே போறேன். அந்த ஆளப் பாக்கணும். எம் புள்ளய எவன் எறங்கச் சொன்னான்னு கேக்கணும். எவனா இருந்தாலும் வுட மாட்டேன்."

மாரப்பன் சொல்வான். நல்ல ஆள், இவரிடம் பொய் சொல்ல மாட்டான். தொட்டித் தண்ணியாம் என்று சிரித்தான் சார் என்பான். அந்தச் சொல் யாருடையது என்று இவருக்கு யாராவது சொல்லித் தெரிய வேண்டுமா.

அதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே. தட்டு வைத்தேன், சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். எதிரில் உட்கார்ந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன்.

"என்னா?" என்று நிமிர்ந்தார். சவரம் செய்த முகம். சு. முகம் அதே மாதிரி.

"கொழம்புல உப்பு போட மறந்துட்டேன்" என்று எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

"இருக்குதே, சரியா இருக்குதே" என்கிறார் அங்கிருந்து. சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நான் உப்பு ஜாடி பக்கத்தில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன்.